பீப்பாய்க் கணக்கில் ஓடும் மலைவாழ்க்கை... போர்ச்சுகலின் திராட்சைச் சரிவுகளைச் சுற்றிப் பார்க்கலாம் வாங்க!

எங்கள் டிஜிட்டல் டெஸ்க்கில் ஒருவருடைய கம்ப்யூட்டர் திரையில் பல மாதங்களாக ஒரு படம் இருக்கிறது. ஆற்றை ஒட்டி எழும்பும் மலை. அடிவாரத்தில் தொடங்கி உச்சி வரைக்கும் படிப்படியாகப் பச்சை வரிகள். அந்தப் பக்கம் போகிறவர்கள் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "வால்பாறையா?" அடுத்தவர், "இல்லல்ல... மூணாறு" என்பார். இரண்டும் இல்லை. அது தேயிலையே இல்லை, திராட்சை. இடம், போர்ச்சுகல் நாட்டின் வடக்கே இருக்கும் டோரு ஆற்றுப் பள்ளத்தாக்கு.

ஒருநாள் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பச்சை வரிகளுக்கு நடுவே பழுப்பு வரிகளும் ஓடின. அவை கற்சுவர்கள். சிமென்ட் கிடையாது, சுண்ணாம்பு கிடையாது. உடைத்த பாறைத் துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, மனிதர்கள் கையால் எழுப்பிய சுவர்கள். ஒவ்வொரு சுவரும் பின்னால் இருக்கும் மண்ணைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த மண்ணில் ஒன்றோ, இரண்டோ, ஐந்தோ வரிசை திராட்சைக் கொடி. மேலே அடுத்த சுவர். அதற்கு மேலே இன்னொன்று. ஒரு மலை அல்ல, ஆற்றின் இரு கரையிலும் மலைக்குப் பின் மலையாக இதே கதைதான்.

இந்தக் காட்சியைப் பார்க்கத்தான் உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 2001-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பர்யச் சின்னமாக அறிவித்தது. கோயிலோ கோட்டையோ இல்லாமல், ஒரு விவசாய நிலத்துக்கே அந்த மரியாதை. ஆனால், அந்தச் சுவர்களைக் கட்டிக் காப்பாற்றி வரும் சிறு விவசாயிகளுக்கு இப்போது நேரம் சரியில்லை. அந்தக் கதைக்குப் போகும் முன், நம் வீட்டுச் சொல் ஒன்றைப் பார்த்துவிடலாம்.

பீப்பாய் எங்கிருந்து வந்தது?

ஜன்னல், சாவி, மேஜை, அலமாரி... இவை எல்லாம் போர்ச்சுகீசியர்கள் நம் கடற்கரையில் விட்டுச்சென்ற சொற்கள் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். அந்தப் பட்டியலில் 'பீப்பாய்'க்கும் இடம் உண்டு. போர்ச்சுகீசிய மொழியில் அது 'பிப்பா'. நமக்கு பீப்பாய் என்றால் உருண்டையான ஒரு பெரிய பாத்திரம், அவ்வளவுதான். டோரு பள்ளத்தாக்கில் இன்றைக்கும் அது ஒரு கணக்கு. ஒரு பிப்பா என்றால் 550 லிட்டர். நம் ஊரில் "எத்தனை மூட்டை கண்டது?" என்று கேட்பதுபோல அங்கே "எத்தனை பிப்பா?" என்பதுதான் ஒரு குடும்பத்தின் வருஷக் கணக்கு.

அந்தப் பிப்பாவில் நிறைவது 'போர்ட்' ஒயின். சாதாரண ஒயினைவிட இனிப்பு அதிகம், போதையும் அதிகம். திராட்சைச் சாறு நொதித்துக்கொண்டு இருக்கும்போதே, பாதி இனிப்பு மிச்சம் இருக்கும் நிலையில், திராட்சையிலிருந்தே காய்ச்சி எடுத்த வீரியமான சாராயத்தைக் கலந்துவிடுவார்கள். ஈஸ்ட் செத்துப்போகும். நொதித்தல் அப்படியே நின்றுவிடும். மிச்சமுள்ள இனிப்பு ஒயினிலேயே தங்கிவிடும். ஆல்கஹால் அளவு 20 சதவிகிதத்தை ஒட்டி வந்து நிற்கும். (மது உடலுக்குக் கேடு என்பதை இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரை பாட்டிலைப் பற்றியதைவிட மலையைப் பற்றியது.)

18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு இந்த ஒயின் மீது தீராத மோகம். பிரான்ஸோடு ஓயாத சண்டை. பிரெஞ்சு ஒயினுக்குக் கடுமையான வரி. 1703-ல் போட்ட மெத்துவன் ஒப்பந்தப்படி போர்ச்சுகல் ஒயினுக்கு வரி குறைவு. கிராக்கி ஏறியதும் கலப்படமும் ஏறியது. எல்டர்பெர்ரி என்ற கறுப்புப் பழத்தின் சாற்றைக் கலந்து வெளிறிய ஒயினுக்கு நிறம் ஏற்றி விற்றார்கள். பெயர் கெட்டது, விலை சரிந்தது.

அப்போது போர்ச்சுகலை ஆட்டிவைத்தவர் பிரதமர் பொம்பால் பிரபு. 1756-ல் ஒரு கம்பெனியை ஏற்படுத்தி, நல்ல ஒயின் எந்தெந்த மலையிலிருந்து வரலாம் என்று எல்லை போட்டார். வரைபடத்தில் மட்டுமல்ல, நிலத்திலேயே கருங்கல் தூண்களை நட்டார். மொத்தம் 335 கற்கள். எல்டர்பெர்ரி செடிகளை வேரோடு பிடுங்கச் சொன்னார். கம்பெனியின் ஏகபோகத்தை எதிர்த்து மறு வருஷமே போர்ட்டோ நகரத்தில் கலவரம் வெடித்தது. பலரைத் தூக்கில் போட்டு அடக்கினார். அந்த எல்லைக் கற்களில் சில இன்னமும் திராட்சைக் கொடிகளுக்கு நடுவே, சில சமயம் யாரோ ஒருவர் வீட்டுச் சுவரோடு சேர்ந்து நிற்கின்றன. "உலகத்திலேயே முதலில் எல்லை குறித்த ஒயின் பூமி எங்களுடையதுதான்" என்று அங்கே எல்லா கைடுகளும் சொல்வார்கள். ஹங்கேரிக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவர்களுடைய டோக்காய் பகுதிக்கு இதற்கு முன்பே அரசாணை இருக்கிறது. எல்லை போட்டதோடு நிறுத்தாமல் தரம் பிரித்து, விலை வைத்து, கண்காணிக்க ஆள் போட்டதில் டோருவுக்குத்தான் முதல் மாலை என்று சமாதானமாகப் போய்விடலாம்.

ரயிலில் வலப்பக்கம் உட்காருங்கள்

போய்ச் சேர்வது எப்படி? சென்னையிலிருந்து போர்ட்டோவுக்கு நேரடி விமானம் இல்லை. எங்காவது மாறித்தான் போக வேண்டும். ஷெங்கன் விசா தேவை. போர்ட்டோவில் இறங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதியை ரயில் பார்த்துக்கொள்ளும்.

சாவ் பென்ட்டோ என்ற ரயில் நிலையத்தின் உள்சுவர் முழுக்க நீல வண்ண ஓடுகளில் போர்ச்சுகல் சரித்திரம். அங்கேயே அரை மணி நேரம் போய்விடும், ரயிலைத் தவறவிட்டுவிடாதீர்கள். கிழக்கு நோக்கிப் போகும் டோரு ரயிலில் ஏறியதும் வலப்பக்கம் ஜன்னலோரம் பிடித்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரம் சாதாரணம். பிறகு, சட்டென்று ஆறு ஜன்னலுக்குக் கீழே வந்துவிடும். அதன்பின் பல இடங்களில் தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே சில அடிதான் இடைவெளி.

1879-ல் ரேகுவா ஊருக்கும், அடுத்த வருஷம் பின்யாவ் ஊருக்கும் இந்த ரயில் வந்தது. அதற்கு முன்பு ஒயின் மொத்தமும் ஆற்றோடுதான் போகும். 'ரபேலோ' என்று ஒரு படகு. தட்டையான அடிப்பாகம், ஒரே ஒரு சதுரப் பாய், பின்பக்கம் நீண்ட துடுப்பு. அதில் பீப்பாய்களை அடுக்கி, பாறைகளும் சுழல்களும் நிறைந்த ஆற்றில் இறக்கிவிடுவார்கள். எத்தனையோ படகோட்டிகள் திரும்பி வரவில்லை. 1861-ல் வலேய்ரா என்ற இடத்தில் படகு கவிழ்ந்து, ஃபாரஸ்டர் என்ற ஆங்கிலேய வியாபாரி இறந்துபோனார். இந்த ஆற்றுக்கே வரைபடம் போட்டவர் அவர்! அதே படகில் இருந்த தோனா அந்தோனியா என்ற திராட்சைத் தோட்ட முதலாளியம்மா பிழைத்துக்கொண்டார். அவருடைய அகன்ற பாவாடை காற்றைப் பிடித்து மிதக்க வைத்ததாகவும், இடுப்பில் கட்டியிருந்த பணப்பை ஃபாரஸ்டரை இழுத்துக்கொண்டு போனதாகவும் அங்கே ஒரு கதை சொல்வார்கள். பாவாடையும் பணப்பையும் உண்மையோ என்னவோ, கேட்க நன்றாக இருக்கிறது.

தோனா அந்தோனியா பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1811-ல் ரேகுவாவில் பிறந்தவர். 33 வயதில் கணவரை இழந்தார். அதன் பிறகு குடும்பத் தொழிலைக் கையில் எடுத்து, பள்ளத்தாக்கு முழுக்கத் தோட்டம் தோட்டமாக வாங்கினார். 60 வயதைத் தாண்டிய பிறகு, யாரும் போகத் தயங்கிய கிழக்குக் கோடியில், காட்டை வெட்டி வாலே மியாவ் என்ற புதிய எஸ்டேட்டைத் தொடங்கினார். 1896-ல் இறந்தார். இன்றைக்கும் ஊர்க்காரர்கள் அவரை 'ஃபெரெய்ரின்யா' என்று, நம் 'ஆச்சி' போலச் செல்லப் பெயரில்தான் சொல்கிறார்கள்.

இப்போது ஆற்றில் அந்தப் பயம் இல்லை. அணைகள் கட்டி ஆற்றை ஐந்து படிகளாக்கிவிட்டார்கள். உல்லாசப் படகுகள் அணைப் பூட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர் ஏறும், படகும் கூடவே ஏறும். காரபடேலோ அணையில் மட்டும் 35 மீட்டர் உயரம், அதாவது பத்து மாடிக்கு மேல். குழந்தைகளோடு போகிறவர்கள் இதைத் தவறவிட வேண்டாம். ரேகுவா ரயில் நிலையத்தில் வெள்ளை ஏப்ரன் கட்டிய பெண்மணிகள் கூடையில் வைத்து விற்கும் எலுமிச்சை மணக்கும் சர்க்கரை மிட்டாயும் குழந்தைகளுக்கானதுதான். பெரியவர்கள் வாங்கினாலும் யாரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

பின்யாவில் இறங்கினால்...

பின்யாவ் ஒரு சின்ன ஊர். ரயில் நிலையத்துச் சுவரில் 1937-ல் பதித்த 24 ஓட்டுச் சித்திரங்கள் இருக்கின்றன. திராட்சை பறிக்கும் பெண்கள், முதுகில் கூடை சுமக்கும் ஆண்கள், பீப்பாய் ஏற்றிய படகு. டிக்கெட் எடுக்காமலே பார்க்கக்கூடிய மியூசியம் அது. முதலில் இதைப் பார்த்துவிட்டு எஸ்டேட்டுக்குப் போனால், அங்கே காட்டுவது சுலபமாகப் புரியும்.

எஸ்டேட்டை அங்கே 'கின்ட்டா' என்கிறார்கள். வெள்ளையடித்த வீடு, பக்கத்தில் ஒயின் செய்யும் கொட்டாரம், பின்னால் மலை. கின்ட்டா டூ பொம்ஃபிம், ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகிற தூரம். கின்ட்டா டா ரொயேடாவும் பக்கம்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், சரிவின் மேலே கின்ட்டா டூ செய்ஷூ. இவை எல்லாம் பெரிய போர்ட் கம்பெனிகளின் தோட்டங்கள். வருகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் சுற்றிக்காட்ட ஆள் வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே ஆன்லைனில் பதிவு செய்வது நல்லது. அறுவடை மாதமான செப்டம்பரில் பதிவு இல்லாமல் போனால் வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

சுவை பார்க்கும் அறையில் தருவது இரண்டு, மூன்று கிளாஸ். ஒவ்வொன்றிலும் கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். குடித்தே தீர வேண்டும் என்று இல்லை. வாயில் கொப்பளித்துவிட்டுத் துப்ப ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவது அங்கே மரியாதைக் குறைவு அல்ல, தொழில்காரர்கள் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். "எனக்கு வேண்டாம், தோட்டம் மட்டும் பார்க்கிறேன்" என்றும் தாராளமாகச் சொல்லலாம். கார் ஓட்டப்போகிறவர் கண்டிப்பாக அப்படித்தான் சொல்ல வேண்டும். ரேகுவாவிலிருந்து பின்யாவ் வரும் என்-222 சாலை ஆற்றை ஒட்டி அழகாக வளைந்து வரும். ஆனால், தோட்டங்களுக்கு ஏறும் கிளைச் சாலைகள் நம் கொல்லிமலை வளைவுகளை ஞாபகப்படுத்தும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனத்துக்கு: ரொட்டி, ஆலிவ், சீஸ், காய்கறி சாலட் தாராளமாகக் கிடைக்கும். கீரை சூப் என்று சொல்லித் தருகிற 'கால்டோ வெர்டே'யில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று மிதக்கும். கேட்டுவிட்டு வாங்குங்கள்.

எஸ்டேட்டுக்குள் நடக்கும்போது கீழே பாருங்கள். மண்ணே இருக்காது. கால் வைத்தால் கலகலவென்று சத்தம் போடும் பலகைக் கற்கள்தான். 'ஷிஸ்ட்' என்ற அடுக்குப் பாறை. கடப்பாரையால் பெயர்த்தும் வெடி வைத்தும் இதை உடைத்துத்தான் கொடி நட முடியும். பாறையின் அடுக்குகள் செங்குத்தாகப் பிளந்திருப்பதால், வேர் அந்தப் பிளவு வழியே பல மீட்டர் ஆழத்துக்கு இறங்கித் தண்ணீர் தேடிக்கொள்கிறது. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் கொடி பிழைப்பது இதனால்தான். மேற்கே மராவ் மலை கடல் மழையைத் தடுத்துவிடுகிறது. "ஒன்பது மாதம் குளிர்காலம், மூன்று மாதம் நரகம்" என்பது அந்த ஊர்ச் சொலவடை. நம் ஊர்த் திராட்சைப் பந்தல் போல நிழலில் நடக்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். கொடி இடுப்பளவுதான் இருக்கும். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் அவசியம்.

பாறையை உடைத்த கல்லையே சுவராக அடுக்கினார்கள். ஸ்பெயினின் கலீசியா பகுதியிலிருந்து பஞ்சம் பிழைக்க வந்த கூலிகள்தான் இதில் பெரும்பகுதியைச் செய்தவர்கள். அவர்கள் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. சுவரில் பூச்சு இல்லாததற்குக் காரணம் உண்டு. மழைநீர் கல்லிடுக்கு வழியாகக் கசிந்து வெளியேற வேண்டும். அடைத்துக்கொண்டால் சுவர் வயிறு மாதிரி உப்பும். அடுத்த பெருமழையில் சரியும். அப்படிச் சரிந்தால் மெஷின் ஏற முடியாத இடத்தில், மறுபடியும் கையால்தான் அடுக்க வேண்டும். இப்போது புதிதாகப் போடும் தோட்டங்களில் பெரும்பாலும் சுவரே கிடையாது. புல்டோசரால் மண்மேடாகவே படி வெட்டிவிடுகிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும்.

காலால் மிதிக்கும் ராத்திரி

செப்டம்பரில் போனால் 'லகார்' பார்க்கலாம். முட்டிக்கால் உயரத்துக்கு மேல் ஆழமுள்ள, அகலமான கருங்கல் தொட்டி. பகலில் பறித்த திராட்சையை அதில் கொட்டி, ராத்திரி ஆட்கள் இறங்கி மிதிப்பார்கள். முதல் இரண்டு மணி நேரம் விளையாட்டு இல்லை. தோளோடு தோள் கோத்து வரிசையாக நின்று, இடது வலது என்று ஒருவர் குரல் கொடுக்க, ராணுவ அணிவகுப்பு போல மெள்ள முன்னேற வேண்டும். அது முடிந்ததும் 'விடுதலை' என்று அறிவிப்பார்கள். அக்கார்டியன் வாசிக்க ஆரம்பித்ததும் அதே தொட்டிக்குள் ஆட்டம், பாட்டு.

மெஷின் காலத்தில் ஏன் இன்னும் கால்? போர்ட் ஒயின் இரண்டு, மூன்று நாள்தான் நொதிக்கும். அதற்குள் தோலில் இருக்கும் நிறமும் ருசியும் சாற்றில் இறங்கியாக வேண்டும். நன்றாக மிதித்தால்தான் இறங்கும். அதே சமயம், உள்ளே இருக்கும் விதை உடைந்தால் கசப்பு. தோலை நசுக்கி விதையை விட்டுவிடும் பக்குவம் பாதத்துக்குத்தான் தெரியும். இதையே செய்கிற ரோபோ லகார்களும் வந்துவிட்டன. ரப்பர் பாதங்கள், நேரத்துக்கு வேலை, பாட்டு மட்டும் கிடையாது.

சில எஸ்டேட்கள் சுற்றுலாப் பயணிகளையும் பணம் வாங்கிக்கொண்டு தொட்டியில் இறக்கிவிடுகின்றன. அரைக்கால் டிராயர், ஊதா நிறக் கால், செல்ஃபி. ரீல்ஸில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ரீல்ஸில் வராத பகுதி, பகல். காலையிலிருந்து சரிவில் குனிந்து பறித்து, அந்தக் காலத்தில் 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள கூடையை நெற்றிப் பட்டையில் தாங்கி முதுகில் சுமந்து இறங்கிய ஆட்கள்தான் ராத்திரி மிதிக்கவும் இறங்குவார்கள். மலைக்கு அப்பால் இருக்கும் கிராமங்களிலிருந்து 'ரோகா' என்ற கூட்டமாக, ஒரு மேஸ்திரியின் தலைமையில் வந்து, அறுவடை முடியும் வரை எஸ்டேட்டிலேயே தங்குவார்கள். இன்று அந்தக் கிராமங்களில் இளைஞர்கள் குறைந்துவிட்டார்கள். பறிக்க ஆள் கிடைக்காமல், நேபாளம், இந்தியா, வங்கதேசம் என்று நம் பக்கத்திலிருந்து போன தொழிலாளர்களும் அந்தச் சரிவுகளில் குனிந்து நிற்கிறார்கள்.

சுற்றுலா இருக்கிறது... விலை?

இந்தப் பள்ளத்தாக்கில் திராட்சை பயிரிடுகிறவர்களில் பெரும்பாலோர் பெரிய கம்பெனிகள் அல்ல, சிறு விவசாயிகள். பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். சராசரியாக ஆளுக்கு இரண்டு ஹெக்டேர், நம் கணக்கில் ஐந்து ஏக்கர். அதுவும் ஒரே இடத்தில் இருக்காது. இங்கே நாலு படி, அங்கே ஆறு படி. அவர்களுக்குச் சொந்த பிராண்டு கிடையாது, சுவை பார்க்கும் அறை கிடையாது. பழத்தைக் கம்பெனிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ விற்றால்தான் காசு.

அந்தக் காசைத் தீர்மானிப்பது 'பெனிஃபீசியோ' என்ற ஏற்பாடு. ஒவ்வொரு தோட்டத்துக்கும் உயரம், சரிவு, பாறை, வெயில் விழும் திசை, கொடியின் வயது என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போட்டு, ஏ, பி, சி என்று கிரேடு கொடுத்திருக்கிறார்கள். 1940-களில் வகுத்த கணக்கு இது. ஒவ்வொரு வருஷமும் அறுவடைக்கு முன்பு, இந்த ஆண்டு மொத்தம் இத்தனை பிப்பா திராட்சைச் சாற்றைத்தான் போர்ட் ஆக்கலாம் என்று ஓர் எண்ணை அறிவிப்பார்கள். அந்த எண்ணில் உங்கள் தோட்டத்தின் கிரேடுக்கு ஏற்ற பங்கு கிடைக்கும். அந்தப் பங்குக்குள் வரும் பழத்துக்கு நல்ல விலை. மீதிப் பழம் சாதாரண ஒயினுக்குப் போகும். விலையில் பெருத்த வித்தியாசம். பழம் ஒன்றுதான், கொடி ஒன்றுதான், பறித்த கை ஒன்றுதான். பர்மிட் மட்டும் வேறு.

2023-ல் அந்த எண் 1,04,000 பிப்பா. 2024-ல் 90,000. 2025-ல் 75,000.

இரண்டே ஆண்டில் நாலில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. உலகம் முழுக்க இனிப்பான, வீரியமான ஒயின் குடிப்பது குறைந்து வருகிறது. இளைஞர்கள் அந்தப் பக்கமே திரும்புவதில்லை. அது உடம்புக்கு நல்லதுதான். அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால், கம்பெனிகளின் கிடங்கில் சரக்கு தேங்கியதும், "இந்த வருஷம் உங்கள் பழம் வேண்டாம்" என்ற பதில் முதலில் போய்ச் சேர்ந்தது அந்த ஐந்து ஏக்கர்காரருக்குத்தான். தலைமுறைகளாகப் பழம் கொடுத்துவந்த வீடுகளுக்கும் அதே பதில். ரேகுவா தெருக்களில் இறங்கிப் போராடியும் பார்த்துவிட்டார்கள். அவர்களுக்கு நெடுநாள் ஆதங்கம் ஒன்றும் உண்டு. போர்ட்டில் கலக்கும் திராட்சைச் சாராயத்தில் பெரும்பகுதி ஸ்பெயின் போன்ற வெளியிடங்களிலிருந்து வருகிறது. "எங்கள் பழம் கொடியிலேயே கிடக்கும்போது, எங்கள் ஒயினில் ஊற்ற வெளியூர் சாராயமா?" என்பது அவர்கள் கேள்வி. எங்கள் பழத்தைக் காய்ச்சினால் செலவு கட்டாது என்பது கம்பெனிகளின் பக்கத்து நியாயம்.

இதற்கு நடுவே சுற்றுலா வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆற்றில் கப்பல்கள், மலையில் சொகுசு ஓட்டல்கள். ஓட்டல் அறை ஜன்னலிலிருந்து தெரிகிற எதிர்க்கரை மலைக்குத்தான் வாடகையே. அந்த எதிர்க்கரையில் இருக்கும் சுவரைச் சரி செய்கிறவருக்கு அந்த வாடகையிலிருந்து நேரடியாக எதுவும் வருவதில்லை. இதில் யார் குற்றவாளி என்று விரல் நீட்டுவது சுலபமில்லை. ஓட்டலில் வேலை செய்வது அந்தச் சிறு விவசாயியின் மகளாகவே இருக்கலாம். ஆனால், கொடியை விட்டுவிட்டால் சுவர் போகும், சுவர் போனால் அந்தக் காட்சியும் போகும் என்பது மட்டும் அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

ஏனென்றால், ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறார்கள். 1860-களில் ஃபைலாக்சரா என்ற நுண்ணிய பூச்சி அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்து, திராட்சை வேரைத் தின்று பள்ளத்தாக்கையே காயப் போட்டது. அமெரிக்கக் கொடியின் வேரில் உள்ளூர்க் கொடியை ஒட்டுப்போட்டுத்தான் மீண்டார்கள். மீள முடியாதவர்கள் நிலத்தை அப்படியே விட்டுவிட்டுப் பிழைப்பு தேடிப் போனார்கள், பலர் பிரேசிலுக்கு. அவர்கள் விட்டுப்போன படிகள் இன்றும் இருக்கின்றன. 'மொர்த்தோரியோ' என்று பெயர். செத்துப்போன தோட்டம் என்று அர்த்தம்.

எப்போது போகலாம், யாரிடம் போகலாம்?

கூட்டம் வேண்டாம் என்றால் ஏப்ரல், மே. இளம் பச்சையில் மலை மினுங்கும். பிப்ரவரி கடைசியில் கிழக்குப் பக்கம் பாதாம் பூக்கும். ஆகஸ்ட்டைத் தவிர்த்துவிடலாம், நம் அக்னி நட்சத்திரத்துக்குச் சளைத்தது அல்ல. அக்டோபர் கடைசியில் இலைகள் மஞ்சளும் சிவப்புமாக மாறும். என்னைக் கேட்டால் போட்டோவுக்கு அதுதான் சரியான நேரம். பின்யாவுக்கு மேலே காசல் டி லொய்வோஸ் என்ற கிராமத்திலிருந்து பார்த்தால் ஆறு வளைந்து திரும்புவது முழுசாகத் தெரியும். ரேகுவாவில் டோரு மியூசியம் இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

பெரிய எஸ்டேட் ஒன்றைப் பார்த்தால் போதும். எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட அதே கதையைத்தான் சொல்வார்கள். இரண்டாவது நாளை ஒரு சிறு கின்ட்டாவுக்குக் கொடுங்கள். 1986 வரைக்கும் போர்ட் ஒயினை, போர்ட்டோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் விலா நோவா டி காயா கிடங்குகளிலிருந்து மட்டும்தான் ஏற்றுமதி செய்ய முடியும். அந்தச் சட்டத்தைத் தளர்த்திய பிறகுதான் மலையில் இருக்கிறவர்களே பாட்டிலில் அடைத்து, தங்கள் பெயரில் விற்க வழி பிறந்தது. அப்படித் துணிந்து இறங்கிய குடும்பங்கள் பள்ளத்தாக்கு முழுக்க இருக்கின்றன. வீட்டுக்காரரோ வீட்டுக்கார அம்மாவோ நேரில் வந்து சுற்றிக்காட்டுவார்கள். இரண்டு அறையை வாடகைக்கும் விடுவார்கள். ஆங்கிலம் தட்டுத்தடுமாறலாம். பாட்டில் வேண்டாம் என்றால் பக்கத்திலேயே ஆலிவ் எண்ணெய், தேன், பாதாம் இருக்கும். திராட்சைச் சரிவின் ஓரமெல்லாம் அவர்கள் வளர்ப்பது ஆலிவ் மரமும் பாதாம் மரமும்தான். பிப்பா கணக்கில் அடிவாங்கும் வருஷத்தில் அந்த வீட்டைத் தாங்குவது இந்த மாதிரி நேரடி விற்பனைதான்.

நேரம் இருந்தால் பின்யாவோடு திரும்பிவிடாதீர்கள். ரயில் இன்னும் ஒரு மணி நேரம் கிழக்கே, பொசின்யோ வரைக்கும் போகும். துவா நிலையத்தைத் தாண்டியதும் கூட்டம் குறைந்துவிடும், செல்போன் சிக்னலும்தான். ஃபாரஸ்டர் மூழ்கிய வலேய்ரா பாறைகள் அந்த வழியில்தான் வரும்; ஆறு இப்போது அணைக்கு அடங்கி அமைதியாகக் கிடக்கும். பொசின்யோவுக்கு அப்பால் ஸ்பெயின் எல்லை வரை போன தண்டவாளத்தை 1988-ல் மூடிவிட்டார்கள்.

அந்த ஒரு மணி நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே மொர்த்தோரியோக்களைப் பார்க்கலாம். முதலில் புதர் மண்டிய வெறும் மலையாகத்தான் தெரியும். கொஞ்சம் உற்றுப் பார்த்தால், முட்செடிகளுக்கும் காட்டு ஆலிவ் மரங்களுக்கும் இடையே, ஒன்றன் மேல் ஒன்றாக, கற்சுவர்கள் இன்னும் நின்றுகொண்டிருக்கும்.